அனுபவக் களஞ்சியம்

கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் 1949-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் தேதி தன் முதல் கணக்கைச் செய்து முடித்த எட்சாக் என்னும் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசுகிறவர்கள், அதன் வால்வுகளையும் நினைவகமாக விளங்கிய பாதரசக் குழாய்களையும் வியந்து பேசுவார்களே அன்றி, சில காலத்துக்குள் அதன் அருகே வந்து சேர்ந்த ஒரு சாதாரணப் பேழையைக் குறித்து அதிகம் சொல்வதில்லை. துளையிட்ட காகித நாடாச் சுருள்கள் அந்தப் பேழையில் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. வர்க்கமூலம் காண்பதற்கு ஒரு நாடா, கோண விகிதங்களைக் கணிப்பதற்கு ஒரு நாடா, விடையை அச்சிடுவதற்கு ஒரு நாடா என்று, ஒருவர் பல நாள் சிரமப்பட்டு எழுதிப் பிழை நீக்கிய துணைநிரல்களெல்லாம் அங்கே அடையாளமிட்டு வைக்கப்பட, அடுத்து வருகிறவர் வேண்டியதைப் பிரதி எடுத்துத் தம்முடைய நாடாவில் சேர்த்துக்கொள்வார். தம் வாழ்நாளில் எஞ்சியதில் பெரும்பகுதி தம்முடைய புரோகிராம்களில் உள்ள பிழைகளைத் தேடுவதிலேயே கழியப் போகிறது என்ற உண்மை, இயந்திரத்துக்கும் நாடாத் துளையிடும் அறைக்கும் இடையே படியேறி இறங்கிக்கொண்டிருந்த ஒரு வேளையில் சட்டென்று உறைத்ததாக, அந்த இயந்திரத்தை நிர்மாணித்த மாரிஸ் வில்க்ஸ் பின்னாளில் எழுதினார். அப்படி உறைத்த ஒருவருடைய ஆய்வுக்கூடத்தில் அந்தப் பேழை தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. ஒரு முறை தேடிப் பிடித்த பிழையை மறுபடியும் தேட நேரிடாதவாறு செய்துகொண்ட ஏற்பாடு அது. வில்க்ஸும் டேவிட் வீலரும் ஸ்டான்லி கில்லும் சேர்ந்து 1951-இல் அந்த நாடாக்களின் உபயோகத்தை விளக்கி எழுதிய நூலே புரோகிராம் எழுதும் தொழிலுக்கு அமைந்த முதல் பாடநூல் என்று சொல்லப்படுகிறது.

மரமும் இரும்பும் நூலும் கொண்டு செய்யும் தொழில்களில், கைத்திறமை குறைந்தவன் செய்த பொருளின் குறை கண்ணுக்குத் தெரிந்துவிடும். மென்பொருளோ எண்ணத்தையே மூலப்பொருளாகக் கொண்ட தொழில். இத்தொழிலில் திறமை என்பது ஊழியருடைய மூளையில் குடியிருப்பது. அவர் மாலையில் வீட்டுக்குப் போகும்போது அதுவும் கூடவே போய்விடுகிறது. அவர் வேறு ஸ்தாபனத்தை நாடிப் போனால் ஒரேயடியாகப் போய்விடுகிறது. ஆகவே, ஊழியர்கள் கற்றது ஸ்தாபனத்தின் சொத்தாக எவ்வாறு மாறுகிறது, அல்லது மாறாமல் எவ்வாறு அழிந்துபோகிறது என்ற கேள்வி, கேம்பிரிட்ஜின் பேழை நாளிலிருந்து இத்தொழிலைத் தொடர்ந்து வந்திருக்கிறது. அக்கேள்விக்கு விடை தேடியவர்களின் சரித்திரத்தில் சில கட்டங்களை இங்கே நினைவுகூர்வது பயன் தரும்.

பேழையைப் பற்றி நினையாமல் ஆட்களின் தொகையை மட்டும் நம்பினால் என்ன நேரும் என்பதற்கு, ஐ.பி.எம். கம்பெனி 1964-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் தேதி அறிவித்த சிஸ்டம்/360 என்னும் கம்ப்யூட்டர் வரிசையின் இயக்க மென்பொருளே பிரசித்தமான உதாரணம். ஓ.எஸ்./360 என்ற அந்த மென்பொருளுக்காக, வேலை உச்சத்தில் இருந்த சமயத்தில் ஆயிரம் பேருக்கு மேல் உழைத்தார்கள்; 1963 முதல் 1966 வரை ஏறக்குறைய 5,000 ஆள்-ஆண்டு உழைப்பு அதில் செலவாயிற்று என்று, அதற்குத் தலைமை தாங்கிய பிரெடரிக் புரூக்ஸ் மதிப்பிட்டார். அவ்வளவு செய்தும் அது காலம் தாழ்ந்தே வந்தது. உத்தேசித்ததைவிடப் பல மடங்கு செலவு வைத்தது. முதலில் வெளிவந்த உருவங்களில் பிழையும் மலிந்திருந்தது.

புரூக்ஸ் தம் தவறுகளை மறைத்துப் பேசுகிற சுபாவம் உடையவர் அல்லர். அவர் ஒப்புக்கொண்டவற்றுள் ஒன்று நம் விஷயத்துக்கு நேராகப் பொருந்துகிறது. மென்பொருள் வெளிப்பார்வைக்கு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற விரிவான விவரத்தை எழுதும் வேலையை யாரிடம் ஒப்படைப்பது என்ற பிரச்சினை எழுந்தது. அமைப்பு வகுப்பதில் தேர்ந்தவர்கள் 10 பேரை வைத்திருந்த மேலாளர், அதைச் செவ்வனே முடிக்க 10 மாதம் பிடிக்கும் என்றார். அதாவது, விதித்த கெடுவுக்கு மேல் 3 மாதம். புரோகிராமர்கள் 150 பேரை வைத்திருந்த மற்றொரு மேலாளரோ, தம் ஆட்கள் அமைப்பாளரோடு கலந்துகொண்டு அதை உரிய காலத்திலேயே முடித்துவிடுவார்கள் என்றும், அந்த 10 பேருக்கே கொடுத்தால் இந்த 150 பேரும் அத்தனை மாதம் வேலையின்றிக் கைகட்டி உட்கார்ந்திருக்க நேரும் என்றும் வாதாடினார். புரூக்ஸ் இரண்டாமவர் சொல்லைக் கேட்டார். வேலை அப்போதும் 3 மாதம் தாமதமாகவே முடிந்தது. தரமோ மிகவும் தாழ்ந்திருந்தது. அதில் ஒருமைப்பாடு இல்லாமற் போனதால் பிழை நீக்கும் காலம் ஓராண்டு நீண்டிருக்கும் என்று அவர் கணக்கிட்டார்.

தாமதமாகிவிட்ட மென்பொருள் திட்டத்தில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று 1975-இல் வெளிவந்த தம் நூலில் அவர் எழுதிய விதி இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. அதன் காரணம் எளியது. புதிதாக வருகிறவருக்குப் பாடம் சொல்லவேண்டியவர் ஏற்கெனவே வேலை தெரிந்தவர். ஆகவே புதியவர் கற்கும் நாட்களில் இருவர் வேலையும் நின்றுபோகிறது. அன்றியும், ஒருவரோடொருவர் கலந்து பேசவேண்டிய இணைப்புகள் 10 பேருக்கு 45 என்றால், 150 பேருக்கு 11,175 ஆகிவிடுகின்றன. மென்பொருளை நடத்திச் செல்வது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது என்று கம்பெனித் தலைவர் தாமஸ் வாட்ஸன், புரூக்ஸ் விடைபெற்றுச் செல்லும் சமயத்தில் கேட்ட கேள்விக்கு அந்த நூலே காலதாமதமான பதிலாக அமைந்தது என்பார்கள். ஆயிரம் பேர் பெற்ற அனுபவத்தில் அச்சேறி உலகத்துக்குக் கிடைத்தது ஒருவருடைய நினைவுகளே என்பதையும் நாம் இங்கே கவனிக்க வேண்டும்.

புரூக்ஸ் அனுபவத்தால் கண்டதற்கு எண்களால் உரு கொடுத்தவர் பாரி போம். கலிபோர்னியாவிலிருந்த டி.ஆர்.டபிள்யூ. கம்பெனியில் பணியாற்றிய அவர், முடிந்துபோன 63 திட்டங்களின் கணக்குகளை ஆராய்ந்து, ஒரு திட்டத்துக்கு ஆகும் உழைப்பை எந்தெந்த அம்சங்கள் எவ்வளவு கூட்டுகின்றன, எவ்வளவு குறைக்கின்றன என்று 1981-இல் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார். நடுத்தரக் குழுவின் உழைப்பை 1 என்று வைத்துக்கொண்டால், மிகச் சிறந்த பகுப்பாய்வாளர் குழுவுக்கு அது 0.71 ஆகக் குறையும், மிகத் தாழ்ந்த குழுவுக்கு 1.46 ஆக ஏறும் என்றும், புரோகிராமர் குழுவுக்கு அவ்வாறே 0.70 முதல் 1.42 வரை வித்தியாசப்படும் என்றும் அவர் கண்டார். இரண்டையும் பெருக்கிப் பார்த்தால், மிக நல்ல குழுவுக்கும் மிக மோசமான குழுவுக்கும் நடுவே நான்கு மடங்குக்கு மேற்பட்ட தூரம் இருக்கிறது. கருவியாலோ முறையாலோ வரக்கூடிய எந்தத் தனி வித்தியாசமும் இதற்கு ஈடாகவில்லை.

அந்த அட்டவணையில் அவ்வளவாகப் பேசப்படாத இரண்டு வரிகள் இன்னும் சுவாரஸ்யமானவை. எழுதும் கம்ப்யூட்டர் மொழியில் பழக்கம் இருப்பதும் இல்லாததும் 0.95-க்கும் 1.14-க்கும் இடைப்பட்ட சிறு வித்தியாசத்தையே உண்டாக்குகின்றன. மென்பொருள் எந்தக் காரியத்துக்காக எழுதப்படுகிறதோ அந்தக் காரியத்தில் அனுபவம் இருப்பதும் இல்லாததும் 0.82 முதல் 1.29 வரையில் வித்தியாசத்தை உண்டாக்குகின்றன. வங்கிக்கு எழுதுகிறவருக்கு வங்கித் தொழிலும், விண்கலத்துக்கு எழுதுகிறவருக்கு விண்கலமும், மொழி இலக்கணத்தைவிட அதிகமாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பது இதன் தாத்பரியம். ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு, பில் கர்ட்டிஸும் அவருடைய சகாக்களும் 17 பெரிய திட்டங்களை நேரில் சென்று விசாரித்து எழுதிய ஆய்வில், இப்படிப்பட்ட விஷய ஞானம் எல்லாக் குழுக்களிலும் மிக மெல்லியதாகவே பரவிக் கிடக்கிறது என்பதை முதல் குறையாகச் சொன்னார்கள். திறமையின் அருமை இவ்வாறு நிரூபணமாயிற்று. அதை வளர்ப்பது எப்படி என்பதை அட்டவணைகள் சொல்லவில்லை. அதற்கு வாஷிங்டன் நகரின் அருகே, மேரிலாந்து மாநிலத்தில் கிரீன்பெல்ட் என்ற சிற்றூருக்கு நாம் போக வேண்டும்.

நாஸாவைச் சேர்ந்த காடர்டு விண்வெளிப் பறப்பு நிலையம் அங்கே இருக்கிறது. வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள் இந்த நிமிஷம் எந்த இடத்தில் இருக்கிறது, எத்திசை நோக்கித் திரும்பி நிற்கிறது என்பதைத் தரையிலிருந்தபடியே கணிக்கும் புரோகிராம்களை எழுதுவது அந்நிலையத்தின் ஒரு பிரிவுக்குரிய வேலை. ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் தனித்தனியே புரோகிராம் தேவைப்பட்டது. ஆனால் ஒவ்வொன்றும் முன்னதன் உடன்பிறப்பாகவே இருந்தது. பெரும்பாலும் ஃபோர்ட்ரான் மொழியிலேயே எழுதினார்கள். ஏறக்குறைய ஒரே ஆட்களே எழுதினார்கள். ஒரே நிலத்தில் ஒரே பயிரை ஆண்டுதோறும் விதைக்கிற உழவன், எந்த எருவுக்கு எவ்வளவு விளைந்தது என்று குறித்து வைத்துக்கொண்டால் எத்தனை தெரிந்துகொள்ளலாமோ, அத்தனை தெரிந்துகொள்ளும் சௌகரியம் அந்த இடத்தில் இயல்பாகவே அமைந்திருந்தது. நிலையத்து அதிகாரியான பிராங்க் மெக்காரியும், சில மைல் தொலைவிலிருந்த மேரிலாந்து சர்வகலாசாலையின் பேராசிரியர் விக்டர் பேஸிலியும், ஒப்பந்தத்துக்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்துவந்த கம்ப்யூட்டர் ஸயன்ஸஸ் கார்ப்பரேஷனைச் சேர்ந்தவர்களும் கூடி, 1976-இல் மென்பொருள் பொறியியல் ஆய்வுக்கூடம் ஒன்றை நிறுவினார்கள். ஆய்வுக்கூடம் என்று பெயரே தவிர, அதற்குத் தனிக் கட்டடமோ உபகரணமோ பிரதானம் அன்று. அன்றாடம் நடக்கும் வேலையே அதன் பரீட்சைப் பொருள்.

புரோகிராமர் ஒவ்வொருவரும் எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் செலவிட்டார் என்பதையும், புரோகிராமில் செய்த மாற்றம் ஒவ்வொன்றையும், எந்தப் பிழையால் அம்மாற்றம் அவசியமாயிற்று, அதைக் கண்டுபிடிக்க எவ்வளவு காலம் பிடித்தது என்பதையும் படிவங்களில் எழுதிக் கொடுத்தார். முதலில் அவர்கள் பிறர் வகுத்த சூத்திரங்களைத் தங்கள் கணக்குகளுக்குப் பொருத்திப் பார்த்தார்கள், பொருந்தவில்லை. வேறோர் இடத்தில், வேறு விதமான ஆட்கள், வேறு விதமான வேலையில் பெற்ற அனுபவத்தின் சாரம் தங்களுக்கு உதவாது என்பதும், தங்கள் அளவுகோலைத் தாங்களே செய்துகொள்ள வேண்டும் என்பதும் அவர்கள் கற்ற முதல் பாடம். கண்டதையெல்லாம் அளந்து குவிப்பதில் பயன் இல்லை. அடைய வேண்டிய லட்சியம் இன்னது என்று முதலில் தீர்மானித்து, அதிலிருந்து கேள்விகளை எழுப்பி, அக்கேள்விகளுக்கு விடை தரும் அளவைகளை மட்டுமே சேகரிக்க வேண்டும் என்பது இரண்டாவது பாடம். பேஸிலி இதை ஒரு முறையாகவே வகுத்து உலகத்துக்கு அளித்தார்.

அவர்கள் கற்ற விதத்துக்கு ஒரு கதையைச் சொன்னால் போதும். புரோகிராமை இயக்கிச் சோதிப்பது சிறந்ததா, ஓட்டாமல் உட்கார்ந்து வாசித்தே பிழை காண்பது சிறந்ததா என்று பேஸிலியும் ரிச்சர்டு ஸெல்பியும் நடத்தி 1987-இல் வெளியிட்ட பரீட்சையில், 32 தொழில்முறைப் புரோகிராமர்கள் கலந்துகொண்ட பகுதியில், வாசித்தவர்களே அதிகமான பிழைகளைக் கண்டுபிடித்தார்கள். முடிவு தெளிவாகக் கிடைத்துவிட்டது என்று, வாசிப்பதையும் திட்டங்களின் ஒழுங்கு முறையில் ஓர் அங்கமாகச் சேர்த்தார்கள். என்ன விசித்திரம்! உண்மையான திட்டத்தில் வாசிப்பினால் விசேஷப் பலன் ஒன்றும் விளையவில்லை. எப்படியும் பின்னால் சோதனை நடக்கப் போகிறது, மீந்ததை அது பிடித்துக்கொள்ளும் என்ற எண்ணத்தால் எவரும் ஊன்றி வாசிக்கவில்லை என்பதே அவர்கள் ஊகித்த காரணம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அவர்கள் அதை அத்துடன் விட்டுவிடவில்லை. ஐ.பி.எம்.மைச் சேர்ந்த ஹார்லன் மில்ஸ் வகுத்திருந்த, எழுதுகிறவர் தம் புரோகிராமை இயக்கிப் பார்க்கவே கூடாது, சோதிக்கும் வேலை முழுவதும் வேறு குழுவைச் சேர்ந்தது என்ற கடுமையான விரதத்தை முதலில் மாணவர் குழுக்களிடமும், பிறகு காடர்டிலேயே ஏறக்குறைய 40,000 வரி கொண்ட ஒரு மெய்யான திட்டத்திலும் பரீட்சித்தார்கள். பின்னால் கைகொடுக்கத் தாமே செய்யும் சோதனை இல்லை என்று தெரிந்தவுடன், வாசிப்பு உயிர் பெற்றுவிட்டது.

ஏடா என்னும் புதிய மொழியை 1985-இல் மேற்கொண்டபோதும் இதே பொறுமையைக் காண்கிறோம். காமாக் கதிர்களை ஆராய்வதற்கான செயற்கைக்கோள் ஒன்றின் இயக்கத்தைப் போன்மை செய்து காட்டும் புரோகிராமை, ஒரு குழு ஃபோர்ட்ரானிலும் மற்றொரு குழு ஏடாவிலுமாக, ஒரே சமயத்தில் இரண்டு முறை எழுதும்படி செய்தார்கள். ஏடாக் குழுவினருக்கு மாதக் கணக்கில் பயிற்சி அளித்து, கை பழகுவதற்காகச் சிறிய புரோகிராம் ஒன்றை முதலில் எழுதிப் பார்க்கச் சொன்னார்கள். மொழியின் இலக்கணம் சீக்கிரத்தில் வந்துவிட்டது. அந்த மொழிக்கு ஏற்றபடி அமைப்பை வகுக்கும் சிந்தனை வரத்தான் நாளாயிற்று. முதல் முயற்சியில் செலவும் அதிகமாகி, புரோகிராமும் மெதுவாகவே ஓடியது. அந்த ஒரு முயற்சியோடு தீர்ப்பு எழுதியிருந்தால், ஏடா பயனற்றது என்றே எழுதியிருப்பார்கள். பின்வந்த திட்டங்களில், முன்பு எழுதிய பகுதிகளைத் திரும்ப எடுத்தாளும் வழக்கம் வளர்ந்த பிறகே அந்த முதலீட்டின் பலன் வெளிப்பட்டது.

வேலை முடிப்பதற்குக் கெடு வைத்து ஓடுகிறவனுக்கு, நின்று நிதானித்துக் கற்பதற்கு நேரம் இராது என்பதைப் பேஸிலி உணர்ந்திருந்தார். ஆகையால் கற்பதற்கென்றே வேறோர் அமைப்பு வேண்டும் என்றார். திட்டக் குழு புரோகிராமை எழுதும். மற்றோர் அமைப்பு அக்குழுவின் அனுபவத்தை வாங்கி, அலசிப் பார்த்து, கைநூலாகவும் மதிப்பீட்டு முறையாகவும் பயிற்சியாகவும் மாற்றி, அடுத்த குழுவின் கையில் கொடுக்கும். இந்த இரண்டாவது அமைப்புக்கு அனுபவத் தொழிற்சாலை என்று அவர் பெயரிட்டார். களஞ்சியம் என்று நாம் சொன்னால் இன்னும் பொருந்தும் போலிருக்கிறது. ஏனெனில் அங்கே சேமித்தது அடுத்த விதைப்புக்கான விதை. எண்பதுகளின் பிற்பாதியில் எழுதிய திட்டங்களையும் தொண்ணூறுகளின் முதற்பகுதியில் எழுதிய திட்டங்களையும் ஒப்பிட்டபோது, ஆயிரம் வரிக்கு ஏறத்தாழ 4.5 ஆக இருந்த பிழை வீதம் 1 அளவுக்கு இறங்கியிருந்தது. செலவு பாதியாகக் குறைந்திருந்தது. பழைய பகுதிகளை மீண்டும் பயன்படுத்துவது ஐந்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் நான்கு பங்குக்கு அருகில் ஏறியிருந்தது. மென்பொருள் முறைகளைச் சீர்திருத்தியதற்காக ஐ.ட்ரிபிள்இ. கம்ப்யூட்டர் சங்கம் ஏற்படுத்திய பரிசை, 1994-இல் முதன்முதலாகப் பெற்றது இந்த ஆய்வுக்கூடமே.

ஆனால் சரித்திரம் அங்கே நின்றுவிடவில்லை. தொண்ணூறுகளின் பிற்பாதியில் நிலையத்தின் பிரிவுகள் கலைத்து அமைக்கப்பட்டன. ஆரம்ப நாளிலிருந்து ஆதரித்து வந்தவர்கள் ஓய்வு பெற்றும் வேறிடம் சென்றும் விலகினார்கள். புதிதாக வந்த அதிகாரிகளுக்கு இந்தப் படிவங்களும் ஆராய்ச்சிகளும் எதற்கு என்பது அவ்வளவாகத் தெரியவில்லை. கால் நூற்றாண்டு வாழ்ந்த ஆய்வுக்கூடம் ஒடுங்கிப்போயிற்று. அதைத் தோற்றுவித்தவர்களான பேஸிலியும் மெக்காரியுமே, மார்வின் ஸெல்கோவிட்ஸ் முதலிய சகாக்களோடு சேர்ந்து, அதன் எழுச்சியையும் வீழ்ச்சியையும் 2002-இல் ஒரு கட்டுரையாக எழுதி வைத்தார்கள். பிறர் மறவாதிருக்க வழி சொன்ன ஸ்தாபனம் தானே மறக்கப்பட்ட கதையை, ஒளிவு மறைவின்றி அவர்களே எழுதியது அவர்களுடைய கல்வியின் பெருமைக்குச் சான்று.

இப்படித்தான் நேரும் என்பதை, டென்மார்க்கு தேசத்து அறிஞர் பீட்டர் நௌர் 1985-இலேயே ஒரு விதத்தில் சொல்லியிருந்தார். அவர் காட்டிய உதாரணம் இது: ஒரு குழு, கம்ப்யூட்டர் மொழிக்கான ஒரு மொழிபெயர்ப்பி (கம்பைலர்) மென்பொருளை எழுதிற்று. அதை விரிவாக்க விரும்பிய மற்றொரு குழு, முழு விளக்கக் குறிப்புகளையும் புரோகிராமின் மூலத்தையும் வாங்கிக்கொண்டு, முதல் குழுவிடம் யோசனையும் கேட்டுக்கொண்டது. இரண்டாம் குழு முன்வைத்த மாற்றங்கள் பல, புரோகிராமின் அமைப்பைச் சிதைப்பவையாக இருந்தன. முதல் குழுவினரோ, பார்த்த மாத்திரத்தில் அதைக் கண்டுகொண்டு, இருக்கிற அமைப்புக்குள்ளேயே எளிய வழிகளைக் காட்டினார்கள். காலப்போக்கில் முதல் குழுவின் துணை இல்லாமற் போனபோது, அமைப்பின் எலும்புக்கூடு மாத்திரம் புலப்பட, அதன் மேல் ஒழுங்கற்ற சேர்க்கைகள் மண்டிவிட்டன. புரோகிராம் என்பது எழுதியவர்களின் உள்ளத்தில் உருவாகும் ஒரு கோட்பாடு. குறிப்பேடுகள் அதன் நிழல். அந்தக் குழு கலைந்த அன்றே புரோகிராமும் இறந்துவிடுகிறது என்பது நௌரின் முடிவு.

அனுபவத்தைச் சேமித்து வைக்கலாம் என்ற பேஸிலியின் கருத்தும், உயிருள்ள மனிதரோடன்றி அது நில்லாது என்ற நௌரின் கருத்தும் ஒன்றையொன்று மறுப்பவையாகத் தோன்றலாம். காடர்டின் சரித்திரம் இரண்டுக்கும் சாட்சி சொல்கிறது. அங்கே எழுதிய கைநூல்கள் பயன்பட்ட காலத்தில், அவற்றை எழுதியவர்களும் படித்தவர்களும் ஒரே தாழ்வாரத்தில் நடமாடினார்கள். நூலில் புரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ள அடுத்த அறையில் ஆள் இருந்தார். ஆள் போன பிறகு நூல் இருந்தது. கேட்கவும் யாரும் வரவில்லை.

ஆகவே, மென்பொருள் எழுதும் ஸ்தாபனங்களை நடத்துகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே. ஒரு திட்டம் முடிந்த மறுநாளே, அதில் உழைத்தவர்களைப் பல திசைகளிலும் பிரித்து அனுப்பிவிட வேண்டாம். சில வாரமேனும் அவர்களை உட்கார வைத்து, அடுத்த திட்டத்தில் வேலை செய்யப் போகிற இளைஞர்கள் இருவர் மூவரை அவர்கள் அருகில் அமர்த்தி, என்ன செய்தோம், எங்கே இடறினோம், ஏன் இவ்வாறு அமைத்தோம் என்று பேச விடுங்கள். குறிப்பேடுகளை அதற்குப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.